புதரை வெட்டினோம், விதையை விட்டோம்

நீலகிரியின் மேற்குக் கோடியில், போர்த்திமந்து, அப்பர்பவானி அணைகளுக்கு மேலே விரியும் மலைச்சரிவுகளில் ஸ்காட்ச் புரூம் என்றொரு புதர் மண்டிக் கிடக்கிறது. ஆள் உயரம் இருக்கும். சில இடங்களில் அதையும் தாண்டும். இலை சிறிது, தண்டு பச்சை, பூ பளிச்சென்ற மஞ்சள். ஐரோப்பாவைச் சேர்ந்த இந்தச் செடியை ஆங்கிலேயர்கள் தோட்ட அழகுக்காக மலைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் உறவான கோர்ஸ் என்ற முட்புதரும் அவர்களோடு வந்ததுதான். பூத்திருக்கும் காலத்தில் சுற்றுலா வருபவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்த மஞ்சள் நிற்கும் இடமெல்லாம் புல் இருந்த இடம் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இத்தகைய புதர்களை வெட்டும் வேலையும் அவ்வப்போது நடக்காமல் இல்லை. வெட்டிய இடத்தில் ஓரிரு மழைக்குள் மறுபடி நெருக்கமாக முளைத்து நிற்கும்போது, அடங்காத செடி என்று அலுத்துக்கொள்கிறோம். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் புதர் அந்தச் செடியின் சிறு பங்குதான். பெரும்பங்கு விதையாக மண்ணுக்குள் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் செய்யும் எந்த வேலையும், காசு கொடுத்து நாமே விதைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

புல்வெளி என்றாலே காலி இடம் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் தரிசு என்று எழுதிய கையெழுத்து காலனி ஆட்சியோடு போய்விடவில்லை. மரம் இல்லாத மலை என்றால் யாரோ வெட்டிவிட்டார்கள், நாம் நட்டு நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் இன்றும் நல்ல மனிதர்களிடமே இருக்கிறது. நீலகிரி விஷயத்தில் அது சரியல்ல என்பதற்கு மண்ணே சாட்சி. நீலகிரியில் உள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்து, இந்திய அறிவியல் நிறுவனத்தின் ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலைப்புற்களில் பலவும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு, மரங்கள் எடுக்கும் விதம் வேறு. மக்கிப் படிந்த மண்ணில் அந்த வேறுபாடு பதிவாகி நிற்கும். அதை வைத்துப் பார்த்தால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைமுகட்டில் புல் கோலோச்சியிருக்கிறது. பருவநிலை ஈரமானபோது சோலைக்காடு விரிந்திருக்கிறது, வறண்டபோது புல் விரிந்திருக்கிறது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்ற இந்த அமைப்பு ஊட்டியில் முதல் பங்களா எழுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையது.

அப்படியானால் பக்கத்திலேயே சோலை இருந்தும் அதன் மரங்கள் ஏன் புல்லுக்குள் வரவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் புதர் எப்படி நுழைந்தது என்பதும் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி இறங்குகிறது. விடியற்காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். சோலை மரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டலக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் கன்றுகள் கூரைபோன்ற காட்டின் அடியில் தப்பிக்கும், வெட்டவெளியில் பனிபட்டுக் கருகிவிடும். 2020-ல் வெளியான ஒரு கள ஆய்வு இதைக் கன்று நட்டே பார்த்து உறுதி செய்தது. புல்லுக்கோ உயிர் வேரடியில் இருக்கிறது. மேலே கருகினாலும் மழை விழுந்தால் தளிர்க்கும். தீயும் அப்படியே. கோடையில் காய்ந்த புல்லுக்குத் தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகத் தீ வைத்துவந்தார்கள். புல் மீண்டது, மரக்கன்று மீளவில்லை. உறைபனி, தீ, மேய்ச்சல், இவற்றோடு சூரிய ஒளி தரையில் படாதபடி அடர்ந்த புல் திட்டு: இவைதான் வாசலில் காவல். உள்ளூர் மரங்களை இத்தனை காலம் தடுத்த இந்தக் காவல், குளிர்நாட்டில் பிறந்து பனியிலேயே வளர்ந்த செடிக்கு முன்னால் நிற்கவில்லை. ஸ்காட்ச் புரூமுக்கு ஊட்டிப் பனி ஒரு பொருட்டே அல்ல.

இனி விதையைப் பார்க்கலாம். காய் அவரைக்குடும்பக் காய்தான். விரல் நீளத்தில் பாதிகூட இருக்காது, தட்டையாக, விளிம்பில் ரோமத்தோடு, முற்றியதும் கருத்துவிடும். உள்ளே பெரும்பாலும் ஐந்து முதல் பத்து விதைகள். காயின் இரண்டு ஓடுகளிலும் நார் சாய்வாக ஓடுகிறது. வெயிலில் காயும்போது ஓட்டின் உள்படலமும் வெளிப்படலமும் வெவ்வேறு திசையில் சுருங்குகின்றன. ஓடு முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது, விளிம்பின் தையல் விடாமல் பிடித்து நிறுத்துகிறது. ஒரு கட்டத்தில் தையல் விட்டுப்போகும். சட்டென்ற ஒலியோடு இரண்டு ஓடும் திருகிக்கொண்டு பிரிய, விதைகள் தெறிக்கும். வெயிலேறிய பகலில் புதர் அருகே நின்றால் இந்தச் சடசடப்பைக் காதால் கேட்கலாம். தெறித்த விதை பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழும். அபூர்வமாக ஐந்து மீட்டர் போகும். மலையை வளைத்துப்போடும் செடிக்கு இது மிகக் குறைந்த தூரம் என்று தோன்றும். ஒருவகையில் சரி. இந்தத் தெறிப்பு செய்யும் வேலை ஊர் பிடிப்பது அல்ல, ஏற்கெனவே பிடித்த இடத்தின் விளிம்பை ஆண்டுதோறும் ஒரு சாண், ஒரு முழம் என்று நகர்த்துவது. புதர்க் கூட்டத்தைச் சுற்றி எப்போதும் இளங்கன்றுகள் ஒரு வளையமாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

தூரம் போவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. விதையின் ஒரு முனையில் வெளிர்நிறத்தில் சிறிய சதைக்கட்டி ஒட்டியிருக்கும். ஆமணக்குக் கொட்டையின் நுனியில் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. எண்ணெய்ச்சத்து உள்ள அந்தக் கட்டிக்காக எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போகிறது. கட்டியைத் தின்றுவிட்டுக் கெட்டியான விதையை ஒதுக்குகிறது. விதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது: எலிக்கும் பறவைக்கும் எட்டாத ஆழம், எறும்பு கிளறிய பொலபொலப்பான மண். ஓடைநீர் இன்னும் கீழே கொண்டுபோகும். கடமானும் காட்டுமாடும் சேற்றோடு சேர்த்துக் குளம்பில் எடுத்துச் செல்லும். இவை எல்லாவற்றையும்விடத் தூரம் கொண்டுபோவது நாம். சாலை போடக் கொட்டும் மண்ணும் ஜல்லியும், ஜீப் டயரில் ஒட்டிய சேறும், மண்வாரி இயந்திரத்தின் பற்களும் ஒரு சரிவின் விதையை அடுத்த சரிவுக்குக் கைமாற்றி விடுகின்றன. அணைக்குப் போகும் பாதைகளின் ஓரம் இத்தகைய செடிகளுக்குத் தோதான இடம். அங்கே புல் திட்டு ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. மண் வெறுமையாகக் கிடக்கிறது. காவலில்லாத வாசல் அது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இதே செடி சாலையோரத்தைத்தான் நெடுஞ்சாலையாகப் பயன்படுத்தியிருக்கிறது.

இதுவரை சொன்னது இடத்தைக் கடக்கும் கதை. காலத்தைக் கடப்பதில்தான் இந்த விதையின் முழுத் திறமையும் இருக்கிறது. விழுந்த விதைகளில் ஒரு பகுதிதான் அடுத்த மழையில் முளைக்கும். மற்றவை நீர் புகாத கெட்டித்தோலோடு அப்படியே கிடக்கும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சாதகமான மண்ணில் முப்பது ஆண்டுவரைகூடக் கிடந்துவிட்டு முளைக்கும் தெம்பு அவற்றுக்கு உண்டு. நன்கு வளர்ந்த ஒரு புதர் ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். நெடுங்காலம் புதர் நின்ற இடத்தில் ஒரு சதுர மீட்டர் மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான விதைகள் சேர்ந்திருப்பதும் சாதாரணம். சீகை மரமும் இதே ரகம்தான். சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்று புல்வெளிகளில் வரிசைகட்டி நடப்பட்ட மரம் அது. நாற்றங்காலில் அதன் விதையை விதைக்குமுன் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். இல்லாவிட்டால் அந்தத் தோல் இளகாது. அத்தகைய விதை மண்ணில் ஐம்பது ஆண்டுவரை தாங்கும் என்கிறார்கள். நட்டவர்கள் ஓய்வுபெற்று, திட்டம் கைவிடப்பட்டு, தோல் தொழிலே வேறு ரசாயனத்துக்கு மாறியபிறகும் சீகை தானாகவே பரவிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. நட்ட காடும் விவசாயமும் எடுத்துக்கொண்டது அதில் பெரும்பகுதி. நட்டதிலிருந்து விதை தப்பிப் பரவியதும் அதில் சேர்த்தி.

ஒருமுறை புதர் ஊன்றிவிட்டால், அடுத்து வரும் விதைக்கு வீட்டை அதுவே தயார் செய்கிறது. அவரைக்குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. மண்ணுக்கு உரம் சேர்வது நல்லதுதானே என்று கேட்கலாம். வயலுக்கு நல்லது. மலைப்புல்லோ ஏழை மண்ணில் வாழப் பழகியது. அந்த ஏழ்மைதான் பகட்டான களைகளை உள்ளே விடாமல் வைத்திருந்தது. மண் கொழுத்தால் வாய்ப்பு களைக்கு. மேலே புதரின் நிழல் வேறு. வெயில் தின்று வாழும் புற்கள் நிழலில் மெலிந்து சாகின்றன. அந்த இடத்தில் நிழலைத் தாங்கும் வேறு செடிகள் வருகின்றன. நீலகிரியில் புரூம் புதருக்கு அடியிலும் வெளியிலும் இருந்த செடிகளை எண்ணிப் பார்த்த ஆய்வு இதைத்தான் கண்டது. வரையாட்டுக்கு மேய்ச்சல் சுருங்குகிறது. தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்க்கத் திறந்த வெளியை நம்பும் விலங்கு அது. உலகில் தென்னிந்திய மலைகளின் புல்வெளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை, புல் போனால் தானும் போகும். தோடர்களுக்கு எருமை மேய்ச்சலும், கோயில் கூரை வேயத் தேடும் புல்லும் இந்த நிலத்தில்தான். சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்டுப் பார்த்த மத்திய அரசின் மண்வள ஆய்வில், முதல் சுற்று மரம் வளர்ந்த காலத்தில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. அது மரத்தின் கணக்கு, புதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பவானி ஆற்றின் தலைமாட்டில் புல் இருப்பதா வேறொன்று இருப்பதா என்பது கீழே குழாய் திறப்பவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதுவும் கொஞ்சம் கனமான மறுப்பு. புதரை விட்டுவிட்டால் அதன் நிழலில் சோலைக் கன்றுகள் வளர்ந்து காடாகிவிடுமே, இயற்கை தன் வழியைப் பார்த்துக்கொள்ளாதா என்பது அது. இதற்கு நியூசிலாந்திலிருந்து நல்ல உதாரணமும் காட்டுவார்கள். அங்கே பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஹினேவாய் என்ற இடத்தில், 1987 முதல் ஹியூ வில்சன் என்ற தாவரவியலாளர் கோர்ஸ் புதரைத் தொடாமல் விட்டு, அதன் நிழலில் உள்நாட்டுக் காடு தானே எழுந்துவரக் காத்திருந்தார். காடு வந்தது. உள்ளூர்க்காரர்கள் முதலில் அவரைக் கேலி செய்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். சரி. ஆனால் அந்த நிலம் ஆதியில் காடு. குடியேறிகள் அழித்து மேய்ச்சல் நிலமாக்கியது. காடாக இருந்த இடம் காடாகத் திரும்பியது. நீலகிரி மேட்டில் ஆதியில் இருந்தது புல். அங்கே சீகைக்கும் புதருக்கும் அடியில் சோலைக் கன்று முளைப்பது உண்மைதான். பனிக்குக் கூரை கிடைத்துவிட்டதே. அப்படி ஒரு சோலை வந்தால் அது இழப்பைச் சற்றே குறைக்கும், புல்லைத் திருப்பித் தராது. நெடுங்காலம் சீகை நின்று புல்லின் தடமே அழிந்துபோன இடங்களில் மரத்தை மொட்டையடிக்காமல் சோலையாக மாறவிடுவது புத்திசாலித்தனம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மொட்டையடித்தால் அடுத்த மழையில் லட்சக்கணக்கில் சீகைக் கன்று எழும். ஆனால் அந்தச் சலுகையை இன்னும் புல் உயிரோடு இருக்கும் சரிவுக்கு நீட்டக் கூடாது.

இரண்டாவது யோசனை தீ. தோடர்கள் வைத்த தீயை வனத்துறை நிறுத்தியதால்தான் புதர் வந்தது, மறுபடி தீ வைத்தால் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. புல்லுக்குள் தனித்தனியாக நிற்கும் சிறு கன்றைத் தீ கொல்லும். ஆனால் மண்ணுக்குள் ஆயிரக்கணக்கில் விதை தூங்கும் இடத்தில் தீ வைப்பது நாற்றங்காலில் கொதிநீர் ஊற்றுவது மாதிரி. கெட்டித்தோல் விரிகிறது; மேலே நிழலும் இல்லை, போட்டிக்குப் புல்லும் இல்லை; பாயாக முளைக்கும். அந்த முளைப்பையே நமக்குச் சாதகமாக்கலாம்: பெருவாரியாக முளைக்கவைத்து, பூக்குமுன் அத்தனையையும் ஒழித்தால் மண்ணின் இருப்பு ஒரே தவணையில் கரையும். திட்டமிட்டு, ஆள் வைத்து, பின்தொடர முடிந்தால் தீ ஒரு கருவி. வைத்துவிட்டு ஊருக்குப் போவதானால் அது புதருக்குச் செய்யும் உதவி. தடைசெய்வதா அனுமதிப்பதா என்ற ஒற்றைக் கேள்வியாக இதைப் பேசுவதால்தான் விவாதம் நகர மறுக்கிறது.

பூச்சியை விட்டு ஒழிக்கலாமே என்பவர்களுக்கும் நியூசிலாந்தில் பாடம் இருக்கிறது. கோர்ஸ் விதையைத் தின்னும் ஒரு கூன்வண்டை அங்கே 1931-ல் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு நன்றாகவே பெருகியது, வசந்த காலக் காய்களைத் துளைத்தது. நியூசிலாந்தின் மிதமான தட்பவெப்பத்தில் கோர்ஸ் வசந்தத்தில் மட்டுமல்ல, இலையுதிர் காலத்திலும் பூத்துக் காய்க்கும். வண்டு அப்போது ஓய்வில் இருக்கும். அந்தக் காய்கள் தப்பின. ஒரு பருவத்து விதையே போதுமானதாக இருந்தது. இந்த வழி வீண் என்று சொல்லவில்லை. நீலகிரியில் இதை முயல்வதென்றால், இங்கே இந்தச் செடிகள் எந்தெந்த மாதம் காய்க்கின்றன, அதே பூச்சி நம் ஊர் அவரைக்குடும்பச் செடிகளைத் தொடுமா என்று பார்ப்பதற்கே பல ஆண்டு ஆகும். அதுவரை கையால் செய்யும் வேலைதான் வேலை.

கையால் செய்யும் வேலைக்குச் சாதகமான ஒரு விஷயம் இந்தச் செடியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. முளைத்த புரூம் கன்று பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும். புதுவிதை விழாமல் பார்த்துக்கொண்டால் மண்ணில் உள்ள இருப்பு முளைத்தும் மக்கியும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். எனவே வெட்டிய இடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பின், மண் இளகி வேரோடு வரும் சமயத்தில் போய், கன்றுகளைப் பிடுங்கினால் போதும். தொடர்ந்து ஓரிரு ஆண்டு விட்டுப்போனால் பூ. பூத்தால் மறுபடி முதலிலிருந்து கணக்கு. எங்கே தொடங்குவது என்பதிலும் நம் இயல்பான உந்துதல் தவறு. அடர்ந்து கிடக்கும் பெரிய புதர்க்காட்டைப் பார்த்தால் அங்கேதான் அரிவாள் போகும். புகைப்படத்துக்கும் அதுதான் எடுப்பு. 1988-ல் இரண்டு ஆய்வாளர்கள் கணித மாதிரி ஒன்றை வைத்துக் காட்டியது வேறு: ஒரு பெரிய திட்டைவிட, அதிலிருந்து தெறித்துப்போய்த் தனித்தனியாக நிற்கும் சிறு திட்டுகளே பரவலை வேகப்படுத்துகின்றன, அவற்றை முதலில் ஒழிப்பதே லாபம். நல்ல புல்லின் நடுவே ஒற்றையாக நிற்கும் புதர், சாலையோரம் புதிதாகத் தலைகாட்டிய கன்று, ஓடைக்கரையில் இரண்டு மூன்று செடி. இவற்றுக்கடியில் விதை இருப்பு இன்னும் சேரவில்லை, பக்கத்திலேயே புல் இருக்கிறது. பிடுங்கினால் புல் தானே மூடிக்கொள்ளும். புல் அடியோடு போன இடத்தில் மட்டும் நாற்று வளர்த்து நட வேண்டும். மலைப்புல்லை நாற்றங்காலில் வளர்த்துக் கொத்துக் கொத்தாக நடும் வேலையைக் கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற சில குழுக்கள் செய்து காட்டியிருக்கின்றன. மெதுவான வேலை, குனிந்து செய்யும் வேலை. இயந்திரத்துக்கு இதில் இடமில்லை.

செலவு கட்டுப்படியாகுமா என்பது கடைசிக் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தமிழக அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் வரையாட்டுக்காகச் சுமார் 25 கோடி ரூபாயில் தனித் திட்டமும் அறிவித்தது. பணம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. கோளாறு, வேலையை அளக்கும் விதத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு இத்தனை ஹெக்டேர் அகற்றினோம் என்ற எண்ணிக்கை அறிக்கையில் அழகாக உட்காரும். அதே இடத்தில் மூன்றாம் ஆண்டு எத்தனை கன்று பூத்தது என்ற எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. முப்பது ஆண்டு காத்திருக்கத் தெரிந்த விதைக்கு எதிராக மார்ச் மாதத்தோடு முடியும் நிதி ஆண்டை நிறுத்துகிறோம். உண்ணிச்செடிக்கும் சமவெளியின் சீமைக்கருவேலத்துக்கும் விதை பரவும் வழிதான் வேறு, ஒன்றுக்குப் பறவை, மற்றதற்கு ஆடு மாட்டின் வயிறு, கணக்கு இதேதான். நூறு ஹெக்டேரை ஒருமுறை வெட்டுவதற்கான பணம் கையில் இருந்தால், அதைக் கொண்டு பத்து ஹெக்டேரை எடுத்து, மலைவாழ் குடும்பங்களுக்கு ஆண்டுக்கூலி கொடுத்து, பத்து ஆண்டுக்கு அந்த இடத்தை அவர்கள் பொறுப்பில் விடலாம். பின்தொடர நிதி ஒதுக்காத எந்த அகற்றும் ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே புல்லுக்கு நல்லது.